கைப்பேசியில் வந்த கல்லூரிக்கு ஓர் அறை வேண்டும்

ராமநாதபுரம் கடற்கரையில் மேற்படிப்பு என்றாலே ஊரை விட்டுக் கிளம்புவது என்றுதான் தலைமுறைகளாக இருந்தது. ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் பள்ளிப் படிப்புக்கே ராமநாதபுரம் வந்தார், ஷ்வார்ட்ஸ் பள்ளிக்கு. பட்டப்படிப்புக்குத் திருச்சி, பொறியியலுக்குச் சென்னை. அந்தச் சென்னைப் படிப்புக்குக் கட்டப் பணம் இல்லாதபோது அவருடைய அக்கா தன் நகைகளை அடகு வைக்கக் கொடுத்தார். பள்ளி விழாக்களில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அடுத்த மூச்சில் ராக்கெட்டுக்குப் போய்விடுவார்கள். என் மனம் அந்த அக்காவிடமே நின்றுவிடும். கிளம்பிப் போனவர்களின் பெயர் ஊருக்குத் தெரியும். கிளம்ப முடியாதவர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

அவர்கள் இப்போது படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். எப்படிப் படிக்கிறார்கள், எங்கே தட்டி நிற்கிறார்கள், அதற்கு நாம் என்ன செய்யலாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உச்சிப்புளியில் ஜெராக்ஸ் எடுக்கவும் ஆன்லைன் விண்ணப்பம் போடவும் ஒரு சிறிய கடை வைத்திருக்கிறேன். ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலை ஓரம். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. புதுமடம், இருமேனி, நாகாச்சி, ஆற்றங்கரை என்று இரு பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். முன்பெல்லாம் சாதிச் சான்றிதழ், பட்டா, ரேஷன் அட்டைத் திருத்தம், பாஸ்போர்ட் இவைதான் வேலை. சில ஆண்டுகளாக ஜனவரியை ஒட்டியும் ஜூலையை ஒட்டியும் இன்னொரு கூட்டம் வருகிறது. தொலைநிலை, இணையவழிப் பட்டப்படிப்புகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை சேர்க்கை நடப்பதால் வரும் கூட்டம். கைக்குழந்தையோடு வரும் பெண்கள், விடுமுறையில் ஊர் வந்திருக்கும் சபராளிகள் (வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள்), விசைப்படகுத் தொழிலாளிகள், துணிக்கடை விற்பனைப் பெண்கள். கல்லூரி வாசலில் இவர்களை யாரும் பார்த்திருக்க முடியாது.

நாடு முழுக்கவே இப்படித்தான். 2020-21ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வுப்படி உயர்கல்வியில் இருந்த ஏறத்தாழ 4 கோடியே 14 லட்சம் பேரில் 45 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தொலைநிலைக் கல்வியில் படித்தார்கள். ஒன்பதில் ஒருவர். இந்த ஒன்பதாவது ஆளைப் பற்றிக் கல்விக் கருத்தரங்குகளில் யாரும் அதிகம் பேசிக் கேட்டதில்லை.

வீட்டிலிருந்தபடி பட்டம் வாங்குவது எங்களுக்குப் புதிதில்லை. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லேயே அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கிவிட்டது. 1979-ல் அண்ணாமலை, 1981-ல் சென்னை, 1985-ல் இக்னோ, 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்று வரிசையாக வந்தன. நானும் அஞ்சல் வழியில் பி.காம். படித்தவள். தபால்காரர் பழுப்பு உறையில் பாடப் புத்தகங்களைக் கொண்டுவந்து போடுவார். அதன் பிறகு தேர்வு வரைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் எனக்கும் பேச்சில்லை. மதுரையில் சனி, ஞாயிறு தொடர்பு வகுப்பு நடக்கும். வாப்பா கூட வந்தால்தான் போகலாம், வாப்பாவுக்கோ கடையை விட முடியாது. அடக்கவிலைக் கணக்கில் ஒரு கணக்கு புரியாமல் மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது. கேட்க ஆளில்லை. இன்று கைப்பேசியில் அதே கணக்கை ஒரு பேராசிரியர் கரும்பலகையில் எழுதி விளக்குவதைப் பார்க்கிறபோது, எங்கள் தலைமுறைக்குக் கிடைக்காமல் போனது இதுதான் என்று தோன்றும். முகமும் குரலும் உள்ள ஓர் ஆசிரியர், கேட்ட இடத்தில் நிறுத்தி மறுபடி சொல்லும் ஆசிரியர்.

அந்த ஆசிரியர் கைப்பேசிக்குள் வந்து சேர்ந்ததற்குப் பல காரணங்கள். ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003-ல் என்பிடெல் திட்டத்தைத் தொடங்கின. வகுப்பறை விரிவுரைகளைப் படம் பிடித்து எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். 2014-லிருந்து நேரில் தேர்வு எழுதிச் சான்றிதழும் பெறலாம் என்றானது. 2017 ஜூலையில் மத்திய அரசின் ஸ்வயம் என்ற இணையப் பாடத் தளம் வந்தது. கல்லூரி மாணவர் ஒரு பருவத்துப் பாடங்களில் 20 விழுக்காடு வரை ஸ்வயத்தில் படித்து, அந்த மதிப்பெண்ணைக் கல்லூரிக் கணக்கில் சேர்க்கலாம் என்று 2016-ல் இருந்த விதி, 2021-ல் 40 விழுக்காடாக உயர்ந்தது. அதற்கெல்லாம் முன்பே, 2001-ல், தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தமிழிலேயே இணையப் பாடங்களைத் தொடங்கியிருந்தது. அன்று எங்கள் பக்கத்தில் இணையம் என்றால் ராமநாதபுரம் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துப் பார்ப்பது.

என்னைக் கேட்டால், இந்தக் கரையில் கதவு உண்மையில் திறந்தது 2016 செப்டம்பருக்குப் பிறகுதான். டேட்டா விலை சரிந்தது. ஒரு மாதப் படிப்புக்கான வீடியோவைப் பார்க்க ஒரு நாள் கூலி வேண்டியிருந்த நிலை மாறியது. பிறகு கொரோனா. 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடியபோது வகுப்பு நடத்த வேறு வழியில்லை. பிள்ளைகள் மொட்டை மாடியிலும் தண்ணீர்த் தொட்டி மேலும் ஏறி சிக்னல் தேடினார்கள். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழ்நாட்டு அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இலவச டேட்டா கொடுத்தது. அந்தக் காலத்து வகுப்புகள் பலவும் மோசமாக இருந்தன என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் கூடத்து மூலையில் உட்கார்ந்து தங்கை வகுப்பைக் கவனிப்பதைத் திருமணமான அக்காக்கள் பார்த்தார்கள். கைப்பேசியில் கல்லூரி இருக்கிறது என்பது அப்போதுதான் வீடுகளுக்குத் தெரிந்தது. கடைக்கு வந்து விசாரிக்கத் தொடங்கியதும் அதன் பிறகுதான்.

தங்கச்சிமடத்திலிருந்து வரும் ஓர் இளைஞரைப் பற்றிச் சொல்ல வேண்டும். விசைப்படகில் பங்குக்குப் போகிறார், பிடிபடும் மீனின் வருமானத்தில் ஒரு பங்குதான் கூலி. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தவர். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் படிப்பு நின்றது. 2020 ஜூனில் சென்னை ஐஐடி தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்பில் இப்போது இருக்கிறார். அந்தப் படிப்புக்கு ஜேஇஇ நுழைவுத் தேர்வு வேண்டாம், வயது வரம்பு கிடையாது. பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். நான்கு வாரம் பாடம் நடத்திவிட்டு, அதிலேயே தகுதித் தேர்வு வைப்பார்கள். முழுப் பட்டம் வரை போக முடியாதவர் அடிப்படைச் சான்றிதழோடு, அல்லது டிப்ளமோவோடு, மூன்றாண்டுப் பட்டத்தோடு வெளியேறலாம். குடும்ப வருமானத்தையும் சமூகப் பிரிவையும் பார்த்து 75 விழுக்காடு வரை கட்டணச் சலுகை உண்டு. இந்த விவரங்களை நான் கடைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஐஐடி என்ற பெயரைப் பார்த்ததுமே நமக்கில்லை என்று நகர்ந்துவிடுகிறவர்கள் அவ்வளவு பேர்.

"பாடம் புரியாவிட்டால் திரும்பப் பார்த்துக்கொள்வேன் அக்கா. நான்கு தடவை பார்த்தாலும் அவர் சலிக்காமல் சொல்வார். கல்லூரியில் எனக்காக யார் நான்கு தடவை சொல்லப்போகிறார்கள்?" என்றார் அந்தத் தம்பி. எங்கள் பக்கத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. அந்த இடை நாட்களில் படிக்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் அவருக்குப் படிப்புக் காலம். வலை பழுது பார்க்கும் கொட்டகையில் மடிக்கணினியோடு உட்கார்ந்துவிடுவார். இடிப்பது ஞாயிற்றுக்கிழமைத் தேர்வுகளில். தேர்வை மட்டும் நேரில் எழுத வேண்டும், மதுரை போன்ற நகரத்தில். சனிக்கிழமை படகேறினால் ஞாயிறு காலையில்தான் கரை. ஆகவே தேர்வு உள்ள வாரத்தில் சனிக்கிழமைப் பங்கை விட வேண்டும். மதுரைக்குப் போய்வர இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் ஒரு வழிப் பயணம். நேரில் தேர்வு வைப்பதைக் குறை சொல்ல மாட்டேன். அதனால்தான் அந்தப் பட்டத்துக்கு மதிப்பு. அந்தத் தேர்வு மையம் ராமநாதபுரத்தில் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். இங்கே பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன, கணினிக் கூடங்கள் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை அவை பூட்டிக் கிடக்கின்றன.

அந்தத் தம்பிக்கு ஒரு வசதி உண்டு. அவர் கொட்டகைக்குப் போய்விடலாம். புதுமடத்துப் பெண்ணால் போக முடியாது.

புதுமடத்திலிருந்து வரும் அந்தப் பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள். கணவர் ரியாத்தில் இருக்கிறார். பள்ளி முடித்ததும் திருமணம். இப்போது ஒரு பல்கலைக்கழகத்தின் இணையவழி பி.ஏ. ஆங்கிலம். நேரலை வகுப்பு மாலை ஏழரைக்குத் தொடங்கும். ரியாத்துக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். கணவர் வேலை முடித்து அறைக்கு வந்து குளித்துவிட்டு அழைக்கும்போது இங்கே எட்டரை. வகுப்பும் அழைப்பும் ஒரே கைப்பேசியில். அழைப்பு வந்தால் வகுப்பு அறுந்துவிடும். பகல் முழுக்கப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கக் காத்திருந்த மனிதரிடம் பிறகு கூப்பிடுங்கள் என்று எப்படிச் சொல்வது? வகுப்பின் பதிவை இரவு பார்க்கலாம் என்றால், பிள்ளைகள் தூங்கிப் பாத்திரம் கழுவி முடிக்கும்போது பதினொன்று.

"அவர் படி என்றுதான் சொல்கிறார் லாத்தா (அக்கா). மாமியும் ஒரு நாளும் வேண்டாம் என்றதில்லை. ஆனால் நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் சும்மா இருக்கிறேன் என்றுதான் எல்லாருக்கும் தோன்றுகிறது" என்று அவள் சொன்னதை நான் மறக்க மாட்டேன்.

யோசித்துப் பாருங்கள். எட்டரை மணி பஸ்ஸில் பையை மாட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போகும் பெண்ணிடம் வெங்காயம் உரித்துத் தா என்று யாரும் கேட்பதில்லை. அவள் படிக்கப் போயிருக்கிறாள் என்பது தெருவுக்கே தெரியும். மாலையில் திரும்பினால் களைத்து வந்திருக்கிறாள் என்று ஒரு தம்ளர் தேநீர் கிடைக்கும். அதே பாடத்தை வீட்டில் கைப்பேசியில் படிக்கும் பெண்ணின் படிப்பு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அவள் பாடம் கேட்கிறாளா, வீடியோ பார்க்கிறாளா என்று எட்டிப் பார்த்தால்தான் தெரியும். எட்டிப் பார்ப்பதற்குள் வாசலில் மீன்காரர் குரல் கேட்கும், அவள்தான் எழுந்து போக வேண்டும். வீட்டை விட்டு வெளியே வராமல் படிக்கலாம் என்று விளம்பரங்கள் பெரிய எழுத்தில் சொல்கின்றன. பெண்களுக்கு அதுதான் பெரும் வசதி என்று பலரும் நம்புகிறார்கள். என் கடைக்கு வரும் பெண்களைப் பார்த்த பிறகு எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. வீட்டுக்குள்ளேயே நடக்கும் படிப்பை வீடு மெல்ல மெல்லத் தின்றுவிடுகிறது.

பாம்பன் சின்னப்பாலத்துப் பக்கம் வேறு மாதிரி. அங்கே பெண்கள் கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரைப் பாசி எடுக்கிறார்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய சில நாட்கள்தான் தொழில். அந்த நாட்களில் விடியும் முன் கிளம்பி, மணிக்கணக்கில் தண்ணீரில் கிடந்து, கையும் காலும் பாறையில் கிழிபட்டுத் திரும்புவார்கள். அம்மாவோடு பாசிக்குப் போகும் ஒரு பெண் என்பிடெல்லில் ஒரு பாடம் எடுத்திருந்தாள். வாராவாரம் ஒரு குறிப்பிட்ட இரவு 11.59-க்குள் ஒப்படைப்பை அனுப்பியாக வேண்டும். அமாவாசை வாரத்தில் அவள் எட்டு மணிக்கே உறங்கிவிடுவாள். பல்கலைக்கழகம் கிழமையைப் பார்க்கிறது, கடல் நிலவைப் பார்க்கிறது. ஆனாலும் அவள் அந்தப் பாடத்தில் தேறினாள். ஏனென்றால் 12 வாரப் படிப்பில் எல்லா ஒப்படைப்பும் கணக்கில் வராது. சிறந்த எட்டின் சராசரியை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். ஒப்படைப்புக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. இந்த விதியை வகுத்தவர் சின்னப்பாலத்தைப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் எல்லாருக்கும் எல்லா வாரமும் ஒன்றுபோல் இருக்காது என்று நினைத்துப் பார்த்திருக்கிறார். மற்றப் பல்கலைக்கழகங்களிடமும் அந்த நினைப்பை எதிர்பார்க்கிறேன்.

இலவச இணையப் பாடங்களில் சேர்பவர்களில் முடிப்பவர்கள் மிகக் குறைவு என்பது உலகம் அறிந்ததுதான். 2011-ல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர்கள் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் திறந்தபோது சுமார் 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். கடைசி வரை வந்தவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம். அதன் பிறகு வந்த பெரும்பாலான பாடங்களில் விகிதம் இன்னும் கீழே. இதைச் சொல்லி, ஆர்வம் இல்லாதவர்கள்தானே என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எங்கள் கரையில் பாதியில் விட்டவர்களில் ஆர்வம் இல்லாமல் விட்ட ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. மகப்பேறு, கணவரின் விடுமுறை, மாமனாரின் மருத்துவமனை நாட்கள், கச்சான் காற்றில் அறுந்த கேபிள், பிள்ளை தண்ணீரில் போட்ட கைப்பேசி. ஒரு மாதம் தவறியவர் மீண்டும் நுழைய வழி தெரியாமல் நின்றுவிடுகிறார். 'நீ ஏன் இரண்டு வாரமாகக் காணோம்?' என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. கல்லூரியாக இருந்தால் பெஞ்சில் பக்கத்தில் உட்காருபவள் கேட்டிருப்பாள்.

ஆங்கிலம் இன்னொரு சுவர். நல்ல பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. என்பிடெல் பல பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு கொடுக்கிறது என்று சொன்னால் பலரும் வியக்கிறார்கள். இருப்பது தெரியாமலே போய்விடுகிறது.

படிக்க நினைக்கிறவர்களுக்குச் சில செய்திகள். கடையில் தினமும் சொல்வதுதான், இங்கேயும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஆண்டில் பட்டம், தேர்வே வேண்டாம், பணத்தை எங்களிடம் கட்டுங்கள் என்று வரும் தரகர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கிளை மையம், உரிமம் பெற்ற மையம் என்று வேறொருவருக்குக் குத்தகை விட்டுப் படிப்பு நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதிப்பதில்லை. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகங்களின், படிப்புகளின் பட்டியல் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் இருக்கிறது; பணம் கட்டும் முன் அதில் பாருங்கள். 2024 முதல் தொலைநிலை, இணையவழிச் சேர்க்கைக்கு டெப் ஐடி, அதாவது அந்தப் பிரிவின் தளத்தில் மாணவர் எடுக்கும் அடையாள எண், கட்டாயம். அதற்கு முன்னால் ஏபிசி கணக்கு வேண்டும்; படித்துத் தேறிய பாடங்களின் மதிப்பைச் சேர்த்து வைக்கும் இணையக் கணக்கு அது. ஆதாரில் உள்ள பெயரும் மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் இங்கேதான் சிக்கும். எங்கள் ஊர்களில் வாப்பா பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னாலும் ஒன்றில் பின்னாலும் இருக்கும், அதை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். பொறியியல், மருத்துவம், செவிலியம், சட்டம் போன்றவற்றில் இணையவழிப் பட்டம் செல்லாது. யாராவது தருவதாகச் சொன்னால் பொய். அரசு வேலை மனத்தில் இருந்தால் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்ற வரிசையில் படியுங்கள். அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் மானியக் குழு அறிவித்துவிட்டது. நேர்முகத் தேர்வில் யாராவது முகம் சுளித்தால் அந்த அறிவிப்பைக் காட்டலாம். எங்கள் கடையில் அச்செடுத்தே வைத்திருக்கிறேன்.

காகிதத்தில் சமம் என்றாகிவிட்டது. கையில் இன்னும் ஆகவில்லை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. அருமையான திட்டம். அதனால் கல்லூரிக்குப் போன பெண்களை எனக்குத் தெரியும், அவர்கள் வங்கிக் கணக்கு விவரத்தைப் பதிவேற்றியதே என் கடையில்தான். ஆனால் அஞ்சல் வழியிலும் தொலைநிலையிலும் படிப்பவர்களுக்கு அது பொருந்தாது. பெண்களை நேரில் கல்லூரிக்கு வரவைப்பது நோக்கம் என்பதால் அப்படி வைத்திருக்கலாம். கல்லூரிக்குப் போகவே முடியாதவள் இரண்டு வழியிலும் விடுபட்டுப் போகிறாள் என்பதை அரசு பார்க்க வேண்டும். பருவத் தேர்வில் தேறிய பிறகு கொடுங்கள், ஆண்டுக்கு ஒரு முறை கொடுங்கள், ஏதோ ஒரு வழியில் கொடுங்கள்.

கல்லூரி ஆசிரியர்களாக இருக்கும் நண்பர்கள் என்னிடம் ஒரு பயத்தைச் சொல்வார்கள். இணையவழிக் கல்வியைக் காட்டி இனிமேல் கல்லூரியே கட்ட மாட்டார்கள், ஆசிரியர் பணியிடங்களை நிரப்ப மாட்டார்கள் என்று. நியாயமான பயம். அரசுக் கலைக் கல்லூரிகள் இப்போதே ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்களை வைத்துத்தான் ஓடுகின்றன. பதினெட்டு வயதில் கல்லூரிக்குப் போக முடிந்த பிள்ளை கல்லூரிக்குத்தான் போக வேண்டும் என்பதே என் எண்ணமும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருக்கின்றன, மண்டபத்தில் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்தக் கரையின் பிள்ளை கடல் உயிரியலை வீடியோவில் மட்டும் படித்தால் அது பெரிய இழப்பு. சேக்காளிகளோடு பஸ்ஸில் சண்டை போட்டு, உணவைப் பகிர்ந்து, வேறு ஊர், வேறு சாதி, வேறு மதத்துப் பிள்ளைகளோடு பழகும் மூன்று ஆண்டுகளை எந்தத் தளமும் தர முடியாது. சேர்க்கைக்கு வரும் பதினெட்டு வயதுப் பெண்ணின் தாயிடம் நான் முதலில் கேட்பது, ராமநாதபுரத்திலோ கீழக்கரையிலோ கல்லூரியில் சேர்க்க முடியுமா என்றுதான். முடியும் என்று சொல்லித் திரும்பிப் போனவர்கள் உண்டு. அன்று வியாபாரம் இல்லை, மனம் நிறைந்திருக்கும்.

முடியாதவர்களுக்கு ஓர் அறை வேண்டும். என் கோரிக்கை அவ்வளவுதான்.

எங்கள் கரையோர ஊர்களில் புயல் பாதுகாப்பு மையங்கள் இருக்கின்றன. உறுதியான கட்டடம், மேல்தளம், கழிப்பறை. புயல் எச்சரிக்கை வரும் சில நாட்கள் தவிர ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடப்பவை பல. ஊராட்சிகளில் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய நூலகங்கள் இருக்கின்றன. நாளிதழ் மட்டும் வரும், அதுவும் சில ஊர்களில் வருவதில்லை. இவற்றில் ஒன்றை மாலை நான்கு மணியிலிருந்து ஒன்பது வரை திறந்து வைத்தால் போதும். சென்னை கொளத்தூரில் 2024 நவம்பரில் 'முதல்வர் படைப்பகம்' என்ற பெயரில் ஒரு மையம் திறந்தார்கள். படிக்கவும் வேலை பார்க்கவும் இடம், இணையம். நகரத்தில் அது தேவை என்று புரிந்துகொண்ட அரசுக்குத் தொண்டியிலும் ஏர்வாடியிலும் அது இன்னும் தேவை என்று புரியாமல் போகாது.

அறையில் என்ன வேண்டும் என்பதைப் படிக்கிற பெண்களிடமே கேட்டேன். குளிர்சாதனம் யாரும் கேட்கவில்லை. கேட்டது மேசை. தரையில் உட்கார்ந்து முதுகு வலிக்கிறது என்றார்கள். பிறகு மின்சாரம் போனாலும் அணையாத இணையம். நிரல் எழுதவும் கணக்குத் தாள் போடவும் கைப்பேசித் திரை போதாது என்பதால் நான்கைந்து கணினிகள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வர அனுமதி, அவர்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். பெண்களுக்கென்று தனி நேரம். வாசலில் விளக்கு. பிறகு ஒரு பெண், தயங்கித் தயங்கி, "யாராவது ஒருவர் எங்களைக் கேட்கிறவராக இருக்க வேண்டும் லாத்தா, ஏன் வரவில்லை என்று" என்றாள்.

அந்த ஆளுக்கும் முன்மாதிரி இருக்கிறது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில், ஊரிலேயே படித்த பெண்களைத் தன்னார்வலர்களாக எடுத்து, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்து, பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தினார்கள். அந்தத் தன்னார்வலர்கள் எங்கள் தெருக்களில்தான் இருக்கிறார்கள். பாடம் நடத்த வேண்டாம். பதிவேட்டில் பெயர் எழுதி, ஒப்படைப்பு நாளை நினைவூட்டி, இரண்டு வாரம் வராதவர் வீட்டுக்கு ஒரு நடை போய்வந்தால் போதும். இந்த முறை கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கட்டும்.

அறை வந்துவிட்டால் புதுமடத்துப் பெண் மாலை ஐந்து மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்புவாள். எங்கே போகிறாய் என்று தெருவில் யாராவது கேட்டால், வகுப்புக்கு என்பாள். பார்க்க வேண்டிய வகுப்பை ஏழு மணிக்குள் பதிவில் பார்த்துவிட்டு, ரியாத் அழைப்பு வரும்போது வீட்டில் இருப்பாள். அவளும் அவள் மாமியும் சேர்ந்து உட்கார்ந்து போட்டுத் தந்த நேரக் கணக்கு இது. மாமிக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதில் மறுப்பே இல்லை. அவர் கேட்டதெல்லாம், எந்த நேரம் போய் எந்த நேரம் வருவாள் என்று தனக்குத் தெரிய வேண்டும் என்பதுதான்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் வைக்க ஒரு மனு எழுதியிருக்கிறோம். பூட்டிய கட்டடத்தின் பெயர், திறக்க வேண்டிய நேரம், சாவி யாரிடம் இருக்க வேண்டும், மின்கட்டணத்தை எந்தக் கணக்கில் எழுதலாம் என்பது வரை அதில் இருக்கிறது. இணையவழியில் படிப்பவர்கள், படித்துப் பாதியில் விட்டவர்கள், சேர நினைப்பவர்கள் என்று மூன்று பட்டியலாகக் கையெழுத்து வாங்குகிறோம். கிராம சபையில் தீர்மானமாகப் பதிவானால்தான் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பேச முடியும், ஆகவே அன்று கூட்டம் முடியும் வரை பெண்கள் இருக்க வேண்டும். மனுவில் ஊர்ப் பெயரும் கட்டடத்தின் பெயரும் வரும் இடங்களை வெற்றாக விட்டு ஒரு படிவம் தயார் செய்திருக்கிறேன். தேவிபட்டினம், பெரியபட்டினம், வாலிநோக்கம், மூக்கையூர் என்று எந்தக் கரையூர்க்காரர் கேட்டாலும் கட்டணமில்லாமல் அச்செடுத்துத் தருவேன். மூன்று பட்டியல்களில் பாதியில் விட்டவர்களின் பட்டியல்தான் இதுவரை நீளமாக இருக்கிறது, அதை மனுவின் முதல் பக்கத்தில் இணைத்திருக்கிறோம்.